மீசைக்கார மீன்கள்

இது நான் நேரில் கண்டதல்ல. என்னோடு விடுதியில் தங்கியிருந்த ஒருவர் சொன்னார்; அவருக்கு அவருடைய சித்தப்பா சொன்னாராம். பெயர் மாறியிருக்கலாம்.

மலையடிவார மடம் ஒன்றில் நாகலிங்கம் என்று ஒரு சீடர் இருந்தார். மடத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

குரு யாத்திரை போயிருந்த ஒரு மழைக்காலத்தில், சந்தையில் அலுமினியச் சட்டிக்குள் ஆப்பிரிக்கக் கெளுத்திகள் உயிரோடு துடிப்பதைப் பார்த்தார். தாங்கவில்லை. அத்தனையையும் வாங்கி வந்து, பிள்ளைகள் பார்க்க மடத்துக் குளத்தில் விட்டார்.

"ஐயா, மீனுக்கும் உங்கள மாதிரியே மீசை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த மழைக்குக் குரு திரும்பி வந்தார். நாகலிங்கம் மீன்களை விட்ட கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"சாமி, சாகப்போற உயிரக் காப்பாத்தினா புண்ணியம்தானே?"

"குளத்தங்கரைக்கு வாப்பா. தவளச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு."

இருவரும் உட்கார்ந்தார்கள். மழை பெய்து ஓய்ந்தது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

குரு ஒரு பிடி சோற்றை நீரில் எறிந்தார். முன்பெல்லாம் கெண்டைக் குஞ்சுகள் மொய்க்கும். இப்போது மீசை வைத்த பெரிய வாய்கள் மட்டும் திறந்தன.

"மத்ததெல்லாம் எங்க சாமி?"

குரு அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகலிங்கம் அவசரமாகச் சொன்னார்: "தினமும் சோறு போடறேன் சாமி. வயிறு நெறஞ்சா மத்தத விட்டுடும்."

"இதுவரைக்கும் போடலையா?"

"போட்டேன்."

குரு எழுந்துபோய் ஒரு வலையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"சாமி, நான் கொல்லா விரதம் எடுத்தவன். இதுவும் உயிர்தானே?"

"உயிர்தான்."

"அப்போ விட்டுடலாமா?"

"விடலாம். இன்னும் கொஞ்சம் நண்டு மிச்சமிருக்கு."

நாகலிங்கம் மடியில் கிடந்த வலையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பாவமில்லாத வழியே இல்லையா சாமி?"

"போன மழை வரைக்கும் இருந்துச்சு."

அவர் வலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "புள்ளைங்க வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

"வரட்டும். அவங்க பார்க்கத்தானே விட்ட? அவங்க பார்க்கவே பிடி."

கதை இவ்வளவுதான். எல்லா மீனும் பிடிபட்டதா என்று கேட்டேன், சொன்னவருக்குத் தெரியவில்லை. மனம் கேட்காமல் அந்த மீனைப் பற்றித் தேடிப் படித்தேன். அது காற்றையும் சுவாசிக்கும். மழை நாளில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும்.