குடுவையில் சேறு, கருவியில் தெளிவு

கணக்குத் தெரிந்தவர்களும் சட்டென்று கோபம் வருகிறவர்களும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இந்தப் புதிருக்கு இரண்டுமே வேண்டும்.

கரை கண்ணுக்கே தெரியாத ஆழ்கடலில் ஒரு கப்பல் நின்றது. அந்தக் கடலின் அடித்தரையில் உருளைக்கிழங்கு மாதிரி உலோகக் கட்டிகள் கிடந்தன. அவற்றை வாரியெடுக்க ஒரு கம்பெனி இயந்திரத்தை இறக்கி, ஓட்டிப் பார்க்க வந்திருந்தது. எவ்வளவு சேறு கிளம்புகிறது என்று அளந்து காட்டினால்தான் முழுசாகத் தோண்ட அனுமதி. சேறு மூடினால் தரையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகள் மூச்சடைத்துச் சாகும். எழுந்து ஓட அவற்றுக்குக் காலா இருக்கிறது?

ஒரே கயிற்றில் இரண்டு பொருள்கள். தண்ணீர் கலங்கினால் காட்டும் கருவி ஒன்று. விழுகிற சேற்றைப் பிடிக்கும் குடுவை ஒன்று. இளம் ஆய்வாளர் ஜெசிந்தா, குடுவை தரைக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டினாள். கருவியையும் அதன் பக்கத்திலேயே கட்டப் போனபோது கம்பெனி மேலாளர் கஜேந்திரன் தடுத்தார்.

"ஏம்மா, இது என்ன விலைன்னு தெரியுமா? சேறு படாம மேலே கட்டு."

"சேத்தை அளக்கிற கருவியில சேறு படக்கூடாதா சார்? மழைக்கு வாங்கின குடையை நனையாம பொத்தி வைக்கிற மாதிரியில்ல இருக்கு!"

"வாயைக் குறைச்சுக்கிட்டுக் கட்டு."

கடல்தரையிலிருந்து தென்னைமர உயரத்தில் நிற்கும்படி கருவியைக் கட்டி, கயிற்றைக் கடலில் இறக்கினாள். இயந்திரம் ஓடி முடிந்து கயிறு மேலே வந்தது. தண்ணீர் தெளிவு என்றது கருவி. குடுவையிலோ கழுத்துவரை சேறு. இரண்டிலும் பழுதில்லை என்று சோதித்தும் பார்த்தாயிற்று.

"குடுவையைக் கடல்ல கொட்டிடுங்க. கருவி சொன்னதை எழுதுங்க" என்றார் கஜேந்திரன்.

"கருவி சொன்னதை அடிச்சிடுங்க மேடம். குடுவையை மட்டும் எழுதுங்க" என்றாள் ஜெசிந்தா. ஆத்திரத்தில் குடுவையை கஜேந்திரனுக்கு எட்டாமல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை விஞ்ஞானி மங்கையர்க்கரசி. "எதுக்கு இந்தச் சண்டை? ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு போட்டு, 'லேசான கலங்கல்'னு எழுதிடறேன். ரெண்டு பேருக்கும் மனசு கோணாது" என்று சிரித்தார். எழுதியும் விட்டார்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் சுத்தப் பொய் சொன்னது யார்?

கஜேந்திரன் என்றுதானே வாயெடுத்தீர்கள்? அவர் செய்தது அயோக்கியத்தனம்தான். ஆனாலும் மேலே தண்ணீர் உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது. கிளம்பிய சேறு உயரே எழும்பாமல் தரையோடு தரையாக ஊர்ந்தது. அதைத்தான் குடுவை பிடித்தது. ஜெசிந்தா கோபத்தில் மேலே இருந்த உண்மையை அடிக்கச் சொன்னாள். அது அவள் தப்பு. இந்த உயரத்தில் தெளிவு, தரையில் சேறு என்று இரண்டையும் எழுதியிருந்தால் தீர்ந்தது. சுத்தப் பொய், நடுவில் நின்று சிரித்தவருடையது. ஒரு பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. 'ரெண்டுக்கும் லேசான சூடு' என்று எந்தப் பெற்றவளாவது டாக்டரிடம் சொல்வாளா? அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் அனுமதி வாங்கினார்கள். இப்போது தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுதிய 'லேசான கலங்கல்' அன்றைக்கு அந்தக் கயிற்றின் எந்த முனையிலும் இல்லை.