ஒரே ஒரு கயிறு

இயேசுவின் பெயரைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டியிருந்த காலம் அது. ரோமப் பேரரசின் நகரம் ஒன்றில், கோட்டை வாசலின் உச்சியில் ஒரு வெண்கலக் கழுகு இருந்தது. மதிலுக்கு வெளியே குப்பைமேடு. அங்கே வாடைக்காற்று குடியிருந்தது.

அந்த ஊரில் பிறந்த குழந்தையைத் தரையில் கிடத்துவார்கள். அப்பன் குனிந்து தூக்கினால் அது பிள்ளை. தூக்காவிட்டால் குப்பை.

ஒரு மாலையில் கூடை ஒன்று வந்தது. உள்ளே பெண் குழந்தை. கொண்டுவந்த வேலைக்காரன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

"வாடி என் ராசாத்தி!" என்று வாடை கையைத் தேய்த்துக்கொண்டது. "விளக்கு வைக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்."

கழுகு தொண்டையைச் செருமியது. வெண்கலத்துக்குத் தொண்டை ஏது? ஆனாலும் செருமியது.

"யாம் பேரரசின் இலச்சினை! கடல் கடந்தோம்! மலை கடந்தோம்! எம் காலடியில் அழுவது யார்?"

"பொண்ணு சாமி," என்றது வாடை.

"பொண்ணா? யாம் பார்க்கவில்லை."

அப்போது ரூஃபினா வந்தாள். அடிமையாயிருந்து விடுதலையானவள், துணி வெளுத்துப் பிழைப்பவள். தோளில் ஒட்டுப்போட்ட சால்வை. வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்ததும் சால்வைக்கு நடுக்கம் எடுத்தது.

"அக்கா, நில்லு! குப்பைமேட்டுப் பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போறது கிறிஸ்துவோட ஆளுங்கதான்னு அவனுக்குத் தெரியும். பிடிச்சா சிறைதான். கந்தல் பொறுக்க வந்தேன்னு சொல்லிடு," என்றது சால்வை.

"உன்னைக் காட்டிச் சொன்னா கண்டிப்பா நம்புவான்."

"இப்பவும் கிண்டலா!"

ரூஃபினா கூடையருகே குனிந்தாள்.

"ஏய், கையை எடு!" காவலாளி ஓடிவந்தான். "நீ அந்தக் கூட்டமா?"

"ஆமா."

சால்வை கண்ணை மூடிக்கொண்டது.

"பிள்ளையைத் தூக்கி ஏத்துக்கிறது அப்பன் வேலை. இவளுக்கு அப்பன் எங்கே?"

ரூஃபினா குழந்தையைச் சால்வையில் சுற்றினாள். ஊரே பார்க்கிற உயரத்துக்குத் தூக்கினாள்.

"எனக்கு யார் அப்பாவோ அவர்தான் இவளுக்கும் அப்பா. பரலோகத்துல இருக்கார். உனக்கும் அவர்தான், அண்ணே."

காவலாளி வாசல் உச்சியை அண்ணாந்து பார்த்தான்.

"என்ன பேச்சுவார்த்தை? கட்டு அவளை!" என்று கழுகு கத்தியது.

அவன் இடுப்பிலிருந்து கயிற்றை உருவினான். அதற்குள் வாசலிலிருந்து உப்பு விற்கும் கலிஸ்தா வந்து கையை நீட்டினாள்.

"பிள்ளையை இப்படிக் குடு ரூஃபினா. நானும் இவளுக்கு அக்காதான்."

அவளுக்குப் பின்னால் தோல் பதனிடும் தீமோன். "நான் அண்ணன்." அவனுக்கும் பின்னால் இன்னும் யார் யாரோ, மாவு ஒட்டிய கையும் மீன் வாசமுமாக.

காவலாளி கையைப் பார்த்துக்கொண்டான். ஒரே ஒரு கயிறுதான் இருந்தது.

அதில் ரூஃபினாவைக் கட்டினான். அவள் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். பின்னால் போன காவலாளிதான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். குழந்தையும் சால்வையும் கலிஸ்தாவோடு போயின.

ஏமாந்த வாடை விடவில்லை. "உன் அக்கா போறாளே, திரும்பி வருவாளோ மாட்டாளோ. அழலையா?"

"அழுவுறேன்தான்," என்றது சால்வை. "ஆனா இன்னிக்கு ராணி போத்தின பட்டு எதிர்ல வந்தாலும் நான் ஒதுங்கி நிக்கமாட்டேன்."

அந்தக் கழுகை எப்போதோ உருக்கிவிட்டார்கள். ரூஃபினாவின் குடும்பத்தை யாராலும் உருக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் "எங்கள் பிதாவே" என்று சொல்கிறோமே, நாம்தான் அது. நெஞ்சை நிமிர்த்தியே சொல்லலாம்.

வாடை மட்டும் இன்னும் சாகவில்லை. நேற்று நம் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறம் யாரிடமோ குனிந்து சொல்லிக்கொண்டிருந்தது:

"உன்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க."