கொட்டகைத் தரையும் கோபக் கால்களும்

முன்னொரு காலத்தில், நாட்டைவிடத் தன் தூக்கத்தைப் பெரிதாக மதித்த ராஜா ஒருவர் இருந்தார். மண்வெட்டி, கூடை, பெரிய கல்தொட்டி எல்லாம் வைக்கத் தோட்டத்தில் ஒரு கொட்டகை வேண்டும் என்றார். கொத்தன் வீரணன் தரைக்கு மண் கொட்டி, அது இறுகத் திமிசுக் கட்டையால் இடிக்கத் தொடங்கினான். முதல் அடியிலேயே ராஜாவின் தூக்கம் கலைந்தது.

"இனி இடிக்கும் ஓசை என் காதில் விழக் கூடாது!"

காலையில் பூசை, மதியம் தூக்கம், மாலையில் வீணை, இரவில் மறுபடி தூக்கம். எப்போது இடிப்பது? இடிக்காத தரையில் கல்தொட்டியை வைத்தார்கள். பாதி உள்ளே போய்விட்டது. "கொத்தனின் வஞ்சகம், அரசே" என்றார் மந்திரி வல்லபராயர். வீரணனைக் கட்டிப்போட்டார்கள். நாளை மாலைக்குள் தரை இறுகாவிட்டால் அவன் வலக் கையை வெட்டும்படி ஆணை பிறந்தது. சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. இடித்தாலும் குற்றம், இடிக்காவிட்டாலும் குற்றம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

வீரணன் மனைவி அங்கம்மை, அரண்மனை விகடகவி சேந்தனிடம் ஓடினாள். "இடிக்காதன்னு சொன்னதும் அவுக, கைய வெட்டுறதும் அவுகளா? கேக்க நாதியில்லையா சாமி?"

சேந்தனுக்கு ரத்தம் கொதித்தது. நேரே சபைக்குப் போனான்.

"அரசே, ஓசையில்லாமல் நான் இறுக்குகிறேன். தவறினால் என் கையையும் வெட்டுங்கள். ஒரே வேண்டுகோள். சபையோருக்கு என் மேல் உள்ள புகார்களை நாளை மாலை அந்தக் கொட்டகையில் கேட்டருள வேண்டும். விடிந்தது முதல் அங்கே நிற்பவர்களுக்கே அனுமதி. தாங்கள் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. வல்லபராயருக்கு வாயெல்லாம் பல்.

சேந்தனின் கேலியில் சூடுபடாதவர் அங்கே யாரும் இல்லை; மறுநாள் விடிந்ததும் சபையே கொட்டகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ராஜாவின் தோட்டம் ஆகையால் எல்லோரும் வெறுங்கால். சேந்தன் முன்பே தரையில் புது மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பலாச்சுளை தின்றபடி ஒவ்வொருவரையும் பார்த்து இளித்தான். அவனைத் திட்டவும் முடியாது, இடத்தை விட்டுப் போகவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணை மிதித்தார்கள். அவன் இன்னொரு சுளை எடுத்தான்; இன்னும் ஓங்கி மிதித்தார்கள். வல்லபராயர் சாமி வந்தவர் போலக் குதித்தார். ஈர மண்ணில் வெறுங்கால், ஓசையே இல்லை.

மாலையில் ராஜா வந்தார்.

"அரசே, இவன் திமிசைத் தொடவே இல்லை!" என்று வல்லபராயர் அலறினார்.

"தொட்டியை உருட்டுங்கள்" என்றான் சேந்தன்.

தொட்டி தரையில் ஏறி நின்றது. நூலளவும் இறங்கவில்லை.

"யார் இடித்தது?" என்றார் ராஜா.

"இவர்கள்தான். என் மேல் உள்ள கோபம் வாய்க்கு வர வழியில்லை, காலுக்கு இறங்கிவிட்டது."

சேறு அப்பிய மந்திரியின் கால்களைப் பார்த்து ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சேந்தன் சிரிக்கவில்லை.

"முதலில் வீரணனின் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். தடுத்தது தாங்கள், கை போவது அவனுக்கா?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. வீரணனை அழைத்து வந்து கட்டை அவிழ்த்தார்கள்; கூடவே அங்கம்மையும் வந்தாள். "உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று சேந்தனைக் கேட்டார்.

"எனக்குத் தருவதை அந்தக் கைக்குத் தாருங்கள்."

ராஜா தன் பொற்காப்பைக் கழற்றி, வெட்டச் சொன்ன அதே கையில் மாட்டினார். அங்கம்மை காப்பைப் பார்க்கவே இல்லை.

"காப்பு கெடக்கட்டும் மகாராசா. நாளைக்கு வேற எடத்துல திமிசு சத்தம் கேட்டா என்ன பண்ணுவீக?"

ராஜா தன் காதைத் தடவிக்கொண்டார். பிறகு, "காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன், அம்மா" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.