நாலு நாள் தள்ளிப் புறப்பட்ட வாளை

ஏரியில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. அந்த வருஷத்துப் பங்குனி வெயில் அப்படி ஒரு பொல்லாத வெயில். மேற்குக் கரையோரம் துள்ளன் என்கிற வாளைமீன், மனைவி வெள்ளச்சியோடும் ஏழு குஞ்சுகளோடும் குடியிருந்தான். கிழக்கே மதகடியில் ஒரு பள்ளம். எந்தக் கோடையிலும் அது மட்டும் வற்றாது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கலாம்.

கொடுக்கன் என்ற நண்டுக்கும் அதே பள்ளத்தின்மேல் கண். இருவருக்கும் வாய்த்தகராறு முற்றியது. தவளைகள் கூடிப் பஞ்சாயத்துப் பேசின. “யாரு முதல்ல போய்ச் சேர்றாங்களோ அவங்களுக்குத்தான் பள்ளம்!” என்று முடிவானது.

துள்ளனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நண்டோட எனக்குப் பந்தயமா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நான் அங்க இருப்பேன்! டேய் கொடுக்கா, நீ இன்னிக்கே கிளம்பு. நான் நாலு நாள் கழிச்சுக் கிளம்பறேன். அப்பவும் நான்தான் ஜெயிப்பேன்!”

“ஆகா!” என்று தவளைகள் கத்தின. கொடுக்கன் சேற்றில் இறங்கி நடந்தான். பாவம், ஜெயிப்போம் என்ற நம்பிக்கை அவனுக்கே இல்லை.

மறுநாள் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. அதற்கு மறுநாள் இன்னொரு முழம்.

“இன்னிக்கே போயிடலாங்க,” என்றாள் வெள்ளச்சி. “நடு ஏரியில மண்ணு தெரியுது. பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது!”

“வாக்குக் கொடுத்திருக்கேன்டி! முன்னால கிளம்பினா நண்டுக்குப் பயந்துட்டேன்னு தவளைங்க சிரிக்கும்.”

“அப்போ நாங்களாவது போறோம்.”

“போனா என் மானம் போகும்! பேசாம இரு!”

வாக்காம் வாக்கு! நாலு நாள் என்று அவனை யார் கேட்டது? வயிறு சேற்றில் உரசும்போது துள்ளனுக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அத்தனை தவளைகள் பார்க்கும்போது எப்படிப் பின்வாங்குவது?

நாலு நாள் கழிந்த காலையில் துள்ளன் பாய்ந்தான். அடடா, என்ன வேகம்! வெள்ளச்சியும் குஞ்சுகளும் பின்னால் வந்தார்கள். பாதி தூரத்தில் அவன் மூக்கு நங்கென்று மண்ணில் இடித்தது. தண்ணீர் இறங்கியதில் ஏரிக்கு நடுவே ஒரு மண்மேடு, கரைக்குக் கரை வெளியே தெரிந்து, தண்ணீரை இரண்டாகப் பிரித்திருந்தது. வலப்பக்கம் ஓடினான், இடப்பக்கம் ஓடினான். வழியே இல்லை. எம்பி எம்பிக் குதித்தான். ஒவ்வொரு தடவையும் சறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தான்.

மேட்டின் உச்சியில் கொடுக்கன் வந்து நின்றான்.

“பந்தயம் கிடக்குது, அண்ணே! பள்ளம் பெரிசாத்தான் இருக்கு. எல்லாரும் இருக்கலாம், வாங்க!”

“எப்படிடா வருவேன்?” என்று கதறினான் துள்ளன்.

கொடுக்கன் தன் கொடுக்கால் மண்ணைக் கீறிக் கீறிப் பார்த்தான். மாலைவரைக்கும் ஒரு சாண்கூட வெட்ட முடியவில்லை. தவளைகள் ஒவ்வொன்றாக மேட்டைத் தாண்டி மதகடிக்குப் போய்விட்டன. கொக்குகள் வந்து இறங்கின.

வெள்ளச்சி குஞ்சுகளை வயிற்றடியில் அணைத்துக்கொண்டாள்.

“நான்தானே! நான்தானே உங்களைக் கொன்னுட்டேன்!” என்று துள்ளன் வாய்விட்டு அழுதான். மூத்த குஞ்சைக் கொக்கு கொத்திக்கொண்டு போனது.

எதிராளி எளியவன் என்று இறுமாந்து காலத்தை வீணடிப்பவன், தன்னை நம்பியவர்களையும் சேர்த்தே தோற்கடிக்கிறான்.