வணக்கம் வைத்த வேன்

ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம் தம் வீட்டு வாசலில், ரோட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வேகத்தடை போட்டு வைத்திருந்தார். எந்த வண்டியானாலும் அங்கே நின்று, அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆட்டோக்களின் அடிவயிறு கிழிந்தால் அவருக்கென்ன?

அப்பேர்ப்பட்டவர், படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வெளிநாட்டு வேன் ஒன்றை வாங்கி, மெக்கானிக் அஞ்சலையின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"அடியில ஒரு எலுமிச்சம்பழம்தான் நுழையணும், அவ்வளவு தாழ்த்து. வெளிநாட்டுல அதான் ஸ்டைலு. ஆனா என் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் உரசக் கூடாது. உரசுச்சு, உன் பட்டறைக்குப் பூட்டுதான்!"

"ஆகட்டுங்கய்யா."

வெள்ளிக்கிழமை, மாலை போட்ட வேனில் தலைவர் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார, அஞ்சலை ஓட்டி வந்தாள். வேடிக்கை பார்க்க ஊரே பின்னால் வந்தது. வேகத்தடைக்கு ஒரு சாண் முன்னால் வண்டியை நிறுத்தினாள். அதைத் தாண்டினால்தான் தலைவர் வீட்டு கேட்.

"ஏன் நிறுத்திட்டே?"

"வணக்கம் வைக்குதுங்கய்யா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வச்சாச்சுல்ல, ஏத்து!"

"ஏத்தினா உரசுங்களே. வேனை உசத்திரட்டுங்களா, இல்ல மேட்டை எடுத்திரலாங்களா?"

வேனின் தாழ்வைப் பற்றி ஊரெல்லாம் பீற்றியிருந்த தலைவர், வேறு வழியில்லாமல் கடப்பாறைக்கு ஆள் அனுப்பினார். மேடு போனது. வேன் உரசாமல் வீடு சேர்ந்தது.

மறுநாள் காலை தலைவர் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். ஆட்டோக்கள் சர்ரென்று பறந்தன. கை கூப்பத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை.