நாற்பது எண்ணும் வரை

“நான் மசி தொட்டுத் திருத்தின படக் கண்ணாடியை எதுக்கம்மா துடைச்சீங்க? எட்டு நாள் வேலை!”

தில்லைவனம் கத்தினார். நாடகத் திரை எழுதிக் கை தேய்ந்தவர். வயது ஐம்பத்தைந்து. புகைப்படம் பழக வந்து ஒரு வருஷம்.

மதலேனம்மாளுக்கு முப்பது. குரு அவள்தான்.

ஈரத்துணியைப் பிழிந்தாள்.

“என்னத்தைத் திருத்தினீர்?”

“ஆற்றங்கரை மண்டபம் அச்சா விழுந்திருந்தது. ஒவ்வொரு சிற்பமும் எண்ணலாம். தூணடியில மட்டும் புகை மாதிரிக் கறை. அதை மூடினேன். தப்பா?”

“அன்னிக்கு என்ன கிழமை?”

“செவ்வாய். சந்தை.”

“எத்தனை பேர் இருந்தாங்க?”

“இருநூறு இருக்கும். படப்பெட்டி மூடியைக் கழற்றி நாற்பது எண்ணணும். அதுவரைக்கும் எவன் சும்மா இருக்கான்? நடந்து போறவன் படத்துல விழ மாட்டான். அது பெட்டியோட குணம்.”

“உட்கார்ந்த இடத்துலயே அசைஞ்சவங்க?”



அவள் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்றாம் தூணைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தக் கறைக்குப் பேர் பேச்சி. உப்பு விக்கிறா.”

“கல்லோட அழகு கெடுதேன்னுதான்…”

“அழகாத்தான் இருந்தது ஓய். நீர் போட்டுக் கொடுத்த பிரதியைப் பார்த்துத்தான் அணை கட்டுற துரை மேலிடத்துக்கு எழுதிட்டார். ஆள் புழங்காத பாழ் மண்டபமாம். இடிச்சுக் கல்லை அணைக்கு எடுத்துக்கலாமாம்.”

தில்லைவனம் ஈரத்துணியை வாங்கி, மிச்ச மசியையும் துடைத்தார்.

அடுத்த செவ்வாய். அதே மண்டபம். அதே சந்தை.

துரைக்கு இன்னொரு படம் வேண்டியிருந்தது. மேலிடம் கேட்கிறதாம். குதிரையை விட்டு இறங்கும்போதே கையில் கடிகாரம்.

“கூட்டத்தை விரட்டட்டுமா?” என்றான் சேவகன்.

துரை சிரித்தார். “எதுக்கு? இதுகள் ஒரு நாளும் சும்மா இருக்காது. படத்திலும் விழாது. நானே எண்ணுகிறேன்.”

பேச்சி உப்புச் சாக்கை விட்டு நகரவில்லை.

“படக்கார அம்மா சொன்னாங்களே, போன தடவை படத்துல என் மூஞ்சியில மசி பூசின மகராசன் இந்தக் கிழவன்தானா? இந்தத் தடவை எதைப் பூசப் போறீரு? சாணியா?”

சந்தையே சிரித்தது.

தில்லைவனம் குருவைப் பார்த்தார். அவள் பெட்டியை விட்டுத் தள்ளி நின்றாள்.

“உம்ம கை. நீரே எடும்.”

கண்ணாடியைப் பெட்டியில் செருகினார். பிறகு, நாடகத் திரைக்குப் பின்னாலிருந்து கத்திப் பழகிய குரலை எடுத்தார்.

“எல்லாரும் கேளுங்க! மூடி கழன்றதும் மூச்சைப் பிடிங்க. ஈ மொய்க்கட்டும், அசையாதீங்க. அசைஞ்சா நீங்க இங்க இல்லைன்னு எழுதிடுவாங்க. இந்த மண்டபமும் இருக்காது!”

“நாங்க எங்கேயும் போகலை,” என்றாள் பேச்சி. “நீர் ஒழுங்கா எடும்.”

மூடியைக் கழற்றினார்.

தூக்கிய தராசு தூக்கியபடி நின்றது. முழம் போட்ட கை முழத்திலேயே நின்றது. வாய்ச்சண்டை போட்ட இருவர், திறந்த வாயோடு நின்றார்கள்.

துரையின் முகம் மாறியது.

“போதும்! மூடு அதை!”

தில்லைவனம் மூடியை இடுப்பில் செருகினார். நேராக மண்டபத்துக்குள் போனார். மூன்றாம் தூணடியில், பேச்சிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார்.

உதடு அசையாமல் சொன்னார்:

“எண்ணுங்க துரை.”