ராஜா வீட்டு வெற்றிலை

பூவலூரை ஆண்ட குலசிகாமணி மகாராஜாவுக்கு எல்லாம் இருந்தது, பூந்தோட்டம் மட்டும் இல்லை. அரண்மனைக்கு எதிரே இருந்த ஏரியைத் தூர்த்துவிட்டால் அங்கே ஒரு தோட்டமும் நடுவில் ஒரு பளிங்கு மண்டபமும் போடலாமே என்று ஆசைப்பட்டார். ஊருக்குக் குடிதண்ணீரும் வயலுக்குப் பாய்ச்சலும் அந்த ஏரிதான். அதனால் மனசு கொஞ்சம் உறுத்தியது. குடிகள் சம்மதித்தால்தான் மண்வெட்டியைத் தொடுவது என்று சபையில் சொல்லிவிட்டார்.

ஊராரின் சம்மதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மந்திரிகள் ஆளுக்கொரு தூணைப் பார்த்தார்கள். அப்போதுதான் அம்பலவாணர் எழுந்தார். மகாராஜாவைச் சிரிக்கவைப்பது அவர் உத்தியோகம். தன் மூளையைப் பற்றி, ஊரில் வேறு யாருக்கும் இல்லாத நல்ல அபிப்பிராயம் அவருக்கு உண்டு.

"இதற்கா இத்தனை யோசனை மகாராஜா? கல்யாணம் பேசி முடித்தால் தாம்பூலம் மாற்றுகிறோம். வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் சம்மதம். வீடு வீடாகப் போய்க் கேட்போம். சம்மதம் என்பவர் வெற்றிலையை எடுக்கட்டும். இல்லை என்பவர் தட்டிலேயே விட்டுவிடட்டும்."

மகாராஜா பூரித்துப்போனார். மறுநாளே ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளம், இரண்டு பக்கமும் வேல் பிடித்த சேவகர்கள், நடுவில் வெள்ளித் தட்டோடு அம்பலவாணர். வாசலுக்கு வாசல் நின்று கேள்வியைக் கேட்டார். மூட்டை மூட்டையாகப் போன வெற்றிலையில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மகாராஜா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

சால்வையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தார் மனிதர். மனைவி கோமளவல்லி வாய் சிவக்க வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவர் பெருமையாக விஷயத்தைச் சொன்னதும் அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏரியை மூடப்போறாங்களா? எப்போலேர்ந்து?"

தானே வாசலில் நின்று கேட்டதையும், அவளே கையை நீட்டி எடுத்ததையும் அம்பலவாணர் நினைவுபடுத்தினார்.

"அந்த மேளச் சத்தத்துல நீங்க கேட்டது யார் காதுல விழுந்துச்சு? விழுந்திருந்தாலும்தான் என்ன? ராஜா வீட்டு வெத்தலையை நீட்டறீங்க, பக்கத்துல வேலோட ஒருத்தன் நிக்கறான். வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா? எடுத்துக்கறது மரியாதை. அதைப் போயி நீங்க சம்மதம்னு நினைச்சா நான் என்ன பண்றது?" பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்புறம் தண்ணிக்கு நாங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது?"

அம்பலவாணருக்கு, ஊர் வாயில் மண்ணைப் போட்டது தன் சாமர்த்தியம்தான் என்று உறைத்தது. அதோடு விட்டதா? இன்னொரு நினைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. மகாராஜா சிரித்தால் சபை சிரிக்கும். அப்படியானால் இத்தனை வருஷமும் தன் விகடத்துக்கு விழுந்த சிரிப்பு? ஏரி போவதைவிட இந்த நினைப்புத்தான் அவரை அதிகமாகக் குத்தியது. அப்படிக் குத்தியதை எண்ணியும் வெட்கப்பட்டார்.

போர்த்திய சால்வையின் சூடு ஆறுவதற்குள் போய், என் யோசனை தப்பு என்று சொன்னால் மகாராஜா நம்புவாரா? சால்வை போனாலும் போகட்டும், ஏரி போய்விடுமே. ஆகவே, இன்னும் சிலரைக் கேட்க வேண்டியிருக்கிறது, ஒரே ஒரு நாள் தவணை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதே மேளம், அதே வேல், அதே தட்டு. கேள்வியை மட்டும் மாற்றினார். அரண்மனையை இடித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஏரி வெட்டலாமா, சம்மதமானால் வெற்றிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இரண்டு தெரு தாண்டியதும் பயம் போய்விட்டது. யாரும் கவனித்தால்தானே! தலைமை மந்திரி இரண்டு வெற்றிலை எடுத்துக்கொண்டு, பாக்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றார்.

கடைசியாக அரண்மனைக்குள் போனார். மகாராஜா விருந்து முடித்து, மண்டபத்துத் தூண்களைப் பற்றிச் சிற்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்பலவாணர் கேள்வியை ஒரு வார்த்தை குறையாமல் கேட்டுத் தட்டை நீட்டினார். மகாராஜா திரும்பியே பார்க்காமல் கையை நீட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாலையில் சபை கூடியது.

"மகாராஜா, ஊர் முழுக்கச் சம்மதம்."

"அதுதான் நேற்றே தெரிந்துவிட்டதே."

"இது இன்றைய கேள்விக்கு. அரண்மனையை எப்போது இடிக்கலாம்?"

இன்று என்ன கேட்டார் என்பதை அம்பலவாணர் விளக்கினார். மகாராஜாவின் மீசை துடித்தது.

"எந்தத் துரோகி இதற்குச் சம்மதித்தான்?"

"தலைமை மந்திரி சம்மதித்தார், மகாராஜா. கூடுதல் பாக்கோடு. கடைசியாகச் சம்மதித்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தாங்கள்."

மகாராஜா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். உடனே சபையும் சிரித்தது. யார் யார் மகாராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்று அம்பலவாணர் முதல் தடவையாகக் கவனித்தார். எல்லோரும்தான்.

ஏரியைத் தொடுவதில்லை, தூர்வாரி ஆழப்படுத்துவது என்று அப்போதே முடிவானது. மகாராஜா அம்பலவாணரை அருகே அழைத்தார். மெல்லிய குரலில் ஏதோ சொல்லி, தன் கையாலேயே தட்டை நீட்டினார். அம்பலவாணருக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் என்ன கேட்டேன், சொல்லும் பார்க்கலாம்."

அம்பலவாணர் மென்றபடியே விழித்தார்.

"நாளைக்கு ஏரியில் பொழுது சாயும்வரை மண் கூடை சுமக்கச் சம்மதமா என்று கேட்டேன்."

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. இந்தத் தடவை யாரும் மகாராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை.